சமையலறைக் கூரையில் ஒரு துளை

காய்ந்த மிளகாயைத் தாளிக்கும்போது அடுப்பருகே நிற்பவர் பேசாமல் கிளறிக்கொண்டிருக்க, கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவர் முதலில் தும்முவதை நீங்கள் கவனித்திருக்கலாம். இதில் வியப்பு ஒன்றும் இல்லை. வாணலியிலிருந்து எழும் சூடான காற்று நேரே மேலே செல்கிறது. கூரையை முட்டியதும் பக்கவாட்டில் பரவுகிறது. கதவு நிலையின் மேல்விளிம்பு வரை நிறைந்த பின் அடுத்த அறைக்குள் வழிகிறது. தொட்டி நிரம்பினால் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிவதைப் போன்றதுதான் இது. ஆனால் இந்தத் தொட்டி தலைகீழாகக் கவிழ்த்து வைத்த தொட்டி.

அப்படியானால் இந்தத் தொட்டியின் அடியில், அதாவது கூரையில், ஒரு துளை போட்டுவிட்டால் புகையும் வெக்கையும் தாமாகவே போய்விடும் அல்லவா? இந்த எண்ணத்தில்தான் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் தனி வீடுகளிலும் மேல்மாடிக் குடியிருப்புகளிலும் மொட்டை மாடி வழியாகக் காற்றை வெளியேற்றும் அமைப்புகளைப் பொருத்துகிறார்கள். எண்ணம் சரியானதே. ஆனால் காற்று மேலே போவதற்காக நாம் போடும் அதே துளை, மழைநீர் கீழே வருவதற்கும், புயற்காற்று பிடித்து இழுப்பதற்கும், மின்சாரம் கசிவதற்கும், தீ பரவுவதற்கும் வழியாகிவிடக்கூடும். எனவே துளை போடுவதற்கு முன் காற்று எந்த விதிப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடுவோம்.

பழைய வீட்டின் புகைபோக்கி

கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகள் சிலவற்றில் அடுக்களைக் கூரையின் மேல் சிறு கூண்டு போன்ற புகைபோக்கியைக் காணலாம். விறகு எரிந்த காலத்தில் அதற்கு விசிறி தேவைப்படவில்லை. ஏன்?

காற்று சூடானால் விரிகிறது. விரிந்தால் அடர்த்தி குறைகிறது. வெளியே 32 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காற்றில் ஒரு கன மீட்டரின் நிறை ஏறக்குறைய 1.16 கிலோகிராம். விறகுப் புகை 100 டிகிரியில் இருந்தால் ஒரு கன மீட்டர் 0.95 கிலோகிராம்தான் இருக்கும். மூன்று மீட்டர் உயரமுள்ள குழாயில் இந்த இலேசான காற்று நிறைந்திருக்க, வெளியே அதே உயரத்துக்குக் கனமான காற்று நிற்கிறது. தராசின் இரு தட்டுகளில் கனமானது இறங்கி இலேசானதை ஏற்றிவிடுவது போல, வெளிக்காற்று கீழே புகுந்து புகையை மேலே தள்ளுகிறது. உராய்வு இல்லை என்று கொண்டு கணக்கிட்டால் புகையின் வேகம் வினாடிக்கு மூன்றரை மீட்டர் வரும். புகை தானாகப் 'போவதில்லை', தள்ளப்படுகிறது என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். புகைபோக்கி உறிஞ்சுகிறது என்று சொல்வது பேச்சு வழக்கு. வேலை செய்வது வெளிக்காற்றின் கனம்.

பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது உண்டாகும் வெப்பத்தை ஆராய்ந்து 1798-இல் வெளியிட்ட ரம்ஃபோர்டு பிரபுவை இயற்பியல் படித்தவர்கள் அறிவார்கள். அவரே அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1796-இல், புகைபோக்கிகளைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். அன்றைய இங்கிலாந்து வீடுகளின் கணப்புகள் பெரிய வாயுடன் இருந்தன. அறையின் குளிர்ந்த காற்று ஏராளமாகப் புகுந்து புகையோடு கலந்து அதைக் குளிரச் செய்தது. புகை அறைக்குள்ளேயே திரும்பியது. கழுத்தைக் குறுக்குங்கள், புகை போய்விடும் என்றார் ரம்ஃபோர்டு. நம் நாட்டில் ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு 1950-களில் மண்ணால் அமைத்துக் காட்டிய புகையற்ற அடுப்பிலும் இதே தத்துவம்தான். மூடிய அடுப்பு, அதிலிருந்து கூரைக்கு மேல் வரை ஒரு குழாய். சூடான வாயு வழியில் கலந்து குளிர்ந்துவிடாமல் இருந்தால்தான் அதற்கு ஏறும் வலு இருக்கும்.

இரண்டு தாள்களின் பளு

இனி இன்றைய சமையலறைக்கு வருவோம். எரிவாயு அடுப்பில் புகை இல்லை. எனவே புகைபோக்கியும் தேவையில்லை என்று வீடு கட்டுவோர் முடிவு செய்தார்கள். உண்மையில் புகைதான் கண்ணுக்குத் தெரியவில்லையே தவிர, ஒரு கிலோகிராம் சமையல் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 3 கிலோகிராம் கரியமில வாயுவும் 1.6 கிலோகிராம் நீராவியும் உண்டாகின்றன. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது, குழம்பிலிருந்து எழும் ஆவியைச் சேர்க்காமலே, சுமார் 22 லிட்டர் தண்ணீர், அதாவது ஒன்றரைக் குடம், காற்றில் கலந்திருக்கும். கடலோர ஊரான சென்னையில் ஏற்கெனவே ஈரம் மிகுந்த காற்றில் இதையும் சேர்த்துக்கொண்டு வியர்வை எப்படி உலரும்?

ஆனால் கூரை அருகே சேரும் இந்தக் காற்று அவ்வளவு சூடாக இருப்பதில்லை. வெளிக்காற்றைவிட 15 டிகிரி கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டர் உயரத்துக்குக் கிடைக்கும் அழுத்த வேறுபாடு சுமார் 1.6 பாஸ்கல். ஒரு பாஸ்கல் என்பது எவ்வளவு? எழுதும் தாள் ஒன்றை மேசைமேல் விரித்து வைத்தால் அது மேசையை அழுத்தும் அழுத்தம் ஏறத்தாழ 0.8 பாஸ்கல். ஆக, இரண்டு தாள்களின் பளுவுக்குச் சமமான விசைதான் காற்றை மேலே தள்ள இருக்கிறது. வலை, வளைவு, மழை மறைப்பு எல்லாவற்றையும் தாண்ட இது போதாது. விறகு அடுப்புக்கு வேண்டாதிருந்த விசிறி எரிவாயு அடுப்புக்கு வேண்டியிருப்பதன் காரணம் இதுதான். கூடத்தில் ஏ.சி. ஓடி, அந்தக் குளிர் சமையலறைக்கும் பரவியிருந்தால் நிலைமை தலைகீழாகவும் ஆகலாம். உள்ளே கனமான காற்று, வெளியே இலேசான காற்று. சித்திரை வெயிலின் அனல் கூரைத் துளை வழியே இறங்கத் தொடங்கும். அதனால்தான் விசிறி நின்றவுடன் தானாக மூடிக்கொள்ளும் மடல் ஒன்று குழாயில் இருக்க வேண்டும்.

மின்சாரமே இல்லாமல் காற்றில் சுழலும் உருண்டை வடிவ வெளியேற்றிகளைத் தொழிற்சாலைக் கூரைகளில் பார்த்திருப்பீர்கள். அதையே வீட்டிலும் வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் சென்னையின் காற்றைக் கேட்டுவிட்டு வைக்க வேண்டும். கோடையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் வீசத் தொடங்குகிறது. நம் வீடுகளில் பெருஞ்சமையல் நடப்பதோ காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையே. அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் மரத்து இலைகூட அசையாத நேரம் அது. வேண்டும்போது நின்றுகொண்டு, வேண்டாதபோது சுழலும் கருவியை நான் சமையலறைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பொருள்கள் அடுக்கிய கிடங்குக்கு அது நல்லது.

உள்ளே வராதது வெளியே போகாது

அடையாற்றில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் புதிதாக விசிறி பொருத்தியிருந்தார்கள். மாடியில் நல்ல இரைச்சல். உள்ளே மாற்றம் எதுவும் இல்லை. விசிறி மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பினார்கள். கொசுவுக்காகச் சமையலறை ஜன்னல் அடைப்பு, ஏ.சி. குளிர் போகாதிருக்கக் கதவும் அடைப்பு. ஜன்னலைத் திறந்ததும் விசிறி 'நல்ல விசிறி' ஆகிவிட்டது.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 8 அடி அகலம், 10 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள சமையலறையின் கன அளவு சுமார் 22.6 கன மீட்டர். சமையலறைக் காற்று மணிக்கு 15 முதல் 20 முறை மாற வேண்டும் என்று பொறியாளர்கள் பொதுவாகக் கொள்வார்கள். அதாவது மணிக்கு 400 கன மீட்டர் வெளியேற வேண்டும். அப்படியென்றால் மணிக்கு 400 கன மீட்டர் உள்ளேயும் வர வேண்டும். கதவின் அடியில் 1 சென்டிமீட்டர் இடைவெளி மட்டும் இருந்தால் அந்தக் காற்று வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் புக வேண்டியிருக்கும். அதற்கு 130 பாஸ்கலுக்குக் குறையாத அழுத்த வேறுபாடு தேவை. சுவரில் பொருத்தும் சாதாரண இறக்கை விசிறி சில பத்து பாஸ்கல்களுக்கு மேல் தராது. ஆகவே அது இருந்த இடத்திலேயே காற்றைக் கடைந்துகொண்டிருக்கும். ஒன்றேகால் சதுர அடி திறப்பு, முடிந்தால் அடுப்புக்கு எதிர்ப்பக்கத்தில் தாழ்வாக, இருந்தால் காற்று வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெல்ல வந்து அறையைக் கடந்து போகும். அடுப்புச் சுடரும் அலையாது.

இதில் வெறும் சௌகரியம் மட்டும் அடங்கியிருக்கவில்லை. சமையலறையை ஒட்டிய குளியலறையிலோ பின்கட்டிலோ எரிவாயுவால் நீர் காய்ச்சும் கீசர் இருந்தால், உள்ளே வரும் காற்றுக்கு வேறு வழியில்லாதபோது வலுவான விசிறி அதன் புகைக்குழாய் வழியாகவே காற்றை இழுக்கும். கீசரின் எரிந்த வாயு வெளியே போகாமல் வீட்டுக்குள் திரும்பும். ஆக்சிஜன் குறைந்து எரியும் சுடரிலிருந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பற்றுடன் சேர்கிறது. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பிக்கும்போதே ஆபத்து நெருங்கியிருக்கும். கீசர் உள்ள வீட்டில் விசிறி ஓடும்போது ஒரு ஜன்னலாவது திறந்திருக்கத்தான் வேண்டும்.

மேலே போகாத வாயு

எரிந்த வாயு மேலே போகிறது, எரியாத வாயு? இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். சமையல் எரிவாயுவில் உள்ள புரோப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரு மடங்கும் கனமானவை. சிலிண்டரிலிருந்து கசிந்தால் அவை தரையோடு பரவி, மேடைக்கு அடியிலும் பள்ளத்திலும் தேங்கும். கூரைத் துளையால் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது.

அதைவிட முக்கியமானது, வாடை அடித்தவுடன் 'காற்று போகட்டும்' என்று விசிறியைப் போடுவது. சுவிட்சைத் தட்டும்போது அதனுள் எழும் சிறு பொறியே வெடிப்பதற்குப் போதும். விசிறி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தவும் கூடாது. நிறுத்துவதிலும் பொறி உண்டு. எந்த சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து 1906 என்ற அவசர எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே, கூரையில் எவ்வளவு நல்ல விசிறி வைத்தாலும் தரையை ஒட்டி வெளியே செல்லும் ஒரு சிறு திறப்பும் சமையலறையில் இருப்பது நல்லது.

எங்கே துளை போடுவது?

முதல் கேள்வி இயற்பியலைச் சேர்ந்தது அல்ல. மாடி யாருடையது? அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்மாடியில் வசிப்பதாலேயே மொட்டை மாடி நம்முடையது ஆகிவிடாது. அது பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. சங்கத்தின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் உளியை எடுக்க வேண்டாம்.

அடுத்தது, கூரை எத்தகையது என்பது. பழைய மயிலாப்பூர், தியாகராய நகர் வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர் பெற்ற கூரை உண்டு. நெருக்கமாக வைத்த தேக்கு விட்டங்களின் மேல், செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக, குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு மரக்கட்டையால் அடித்து, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். அதில் இரும்புக் கம்பி கிடையாது. ஒரு செங்கல்லை அடுத்த செங்கல்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே புதிதாகத் துளை போடுவது பூமாலையில் நடுவே நாரை வெட்டுவது போலாகும். அடைத்து வைத்திருக்கும் பழைய புகைபோக்கி இருந்தால் அதைத் திறந்து பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சுவர் வழியே குழாயை வெளியே கொண்டுபோய், வெளிச்சுவரை ஒட்டி மாடிக்கு மேல் ஏற்றுங்கள்.

காங்கிரீட் தளத்தின் கனம் வீடுகளில் 10 முதல் 12 சென்டிமீட்டர் இருக்கும். அதன் அடிப்பகுதியில் சுமார் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கம்பிகள் ஓடுகின்றன. தளம் வளையும்போது அதன் அடிப்புறம் இழுவைக்கு உள்ளாகிறது. காங்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுவையைத் தாங்குபவை இந்தக் கம்பிகளே. நமக்கு வேண்டிய துளையோ 15 சென்டிமீட்டர் விட்டமுள்ளது. கம்பி இருக்குமிடத்தைக் கருவியால் கண்டுபிடித்துவிட்டு, விட்டத்தையும் தூணையும் விட்டு விலகி, வைர முனை இயந்திரத்தால் வட்டமாக அறுக்கும் 'கோர் கட்டிங்' முறையில் எடுக்க வேண்டும். சுத்தியும் உளியும் கொண்டு உடைத்தால் துளையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஓடும். ஒரு கம்பியையாவது வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் செய்யக்கூடாது. கடற்கரையை ஒட்டிய கட்டடங்களில் தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிவதைப் பார்க்கிறோம் அல்லவா, அத்தகைய தளத்தில் துளையே வேண்டாம்.

பின்கட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அந்த ஷீட் ஆளைத் தாங்காது. வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் கிடந்தது முன்னறிவிப்பின்றி உடையும். அதன்மேல் கால் வைத்து உள்ளே விழுந்து உயிரிழப்பவர்கள் உண்டு. அடியில் உள்ள சட்டங்களின் மேல் படியுமாறு பலகை போட்டு அதன்மேல்தான் செல்ல வேண்டும். அதை அறுக்கும்போது பறக்கும் நார்த்தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. அந்தக் கூரையைத் துளைக்காமல் சுவர் வழியாகக் குழாயை எடுத்துச் செல்வதே புத்திசாலித்தனம்.

மழையும் புயலும்

மொட்டை மாடி தட்டையாகத் தெரிந்தாலும் மழைநாளில் அது ஒரு ஏரி. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,300 லிட்டர் தண்ணீர் விழுகிறது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. வடிகுழாய் வாயை ஓர் இலை அடைத்தாலே நீர் தேங்கும். ஆகையால் துளையின் விளிம்பு மாடித் தரையைவிட 15 முதல் 20 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். துளையில் ஓர் உலோகக் குழாயைச் செருகி, சுற்றியுள்ள சந்தைச் சுருங்காத சிமெண்டுக் கலவையால் அடைத்து, சுற்றிலும் சிறு திட்டுக் கட்டி, நீர்புகாப் பூச்சைத் தரையிலிருந்து திட்டின் தலை வரை ஏற்றிவிட வேண்டும். வெளியேற்றியின் அடிப்பாகம் டப்பாவின் மேல் மூடி கவிழ்வதுபோலத் திட்டின்மேல் கவிழ வேண்டும், திட்டுக்குள் செருகக்கூடாது. பூச்சு காய்ந்ததும் சுற்றிலும் பாத்தி கட்டி, இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்க்கும் கொத்தனார்களின் பழைய வழக்கம் எந்தக் கருவியையும்விட நம்பகமான சோதனை. அதை ஐப்பசிக்கு முன் செய்துவிடுங்கள்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மாடியில் சரியாகப் பிணைக்காத பொருள் அப்போது ஏவுகணை ஆகிறது. கட்டடங்களின்மேல் காற்றின் விசையைக் கணக்கிடும் இந்தியத் தரநிலை, சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர் என்ற அடிப்படை வேகத்தைக் கொள்கிறது. காற்றின் அழுத்தத்தைப் பாஸ்கலில் அறிய, வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்க வேண்டும். 50-இன் வர்க்கம் 2,500. அழுத்தம் 1,500 பாஸ்கல். அரை மீட்டர் நீள அகலம் உள்ள ஒரு கவிகையின் மேல் இது 38 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை. அமைதியான நாளில் இரண்டு தாள்களின் பளு பற்றிப் பேசினோம். புயல் நாளில் அதைப்போல் ஆயிரம் மடங்கு அழுத்தம். எனவே திருகாணிகள் தட்டோட்டையும் அதன் கீழுள்ள ஜல்லிச் சுண்ணாம்பையும் தாண்டி, காங்கிரீட்டுக்குள் இறங்கும் ஆங்கர் போல்ட்டுகளாக இருக்க வேண்டும். தட்டோட்டில் மட்டும் பிடித்த போல்ட் சாணியில் நட்ட முளைதான்.

வாய் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? கைப்பிடிச் சுவரின் மேல் பாய்ந்து வரும் காற்று சுவருக்கு உட்புறம் சுழல்கிறது. அந்தச் சுழலுக்குள் வாய் இருந்தால் வெளியேறிய புகை மாடியிலேயே சுற்றிக்கொண்டு, உலரும் வேட்டியிலும் வடகத்திலும் மிளகாய் நெடி ஏறும். சுவரின் உயரத்துக்கு மேல் ஒரு முழமாவது குழாய் நீண்டிருக்கட்டும். பக்கத்து வீட்டு ஜன்னலையும் தண்ணீர்த் தொட்டியையும் நோக்கி வாய் திரும்பியிருக்கக் கூடாது. புறாக்கள் கூடு கட்டாதிருக்க அரை அங்குலக் கண் உள்ள வலை போதும். கொசுவலையைக் கட்டினால் ஒரு மாதத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துவிடும்.

பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம் போலக் கடலோசை கேட்கும் இடங்களில் துத்தநாகம் பூசிய தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினியமோ துருப்பிடிக்காத எஃகோ நல்லது. ஆனால் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைச் சாதாரண இரும்புத் திருகால் பிணைக்காதீர்கள். உப்பு ஈரம் பட்டதும் இரண்டு உலோகங்களும் ஒரு மின்கலம் ஆகிவிடும். சிறிய இரும்புத் திருகு பெரிய தகட்டுக்காகக் கரைந்து போகும். தகடு பளபளவென்று இருக்கும். அதைப் பிடித்திருக்கும் திருகு மட்டும் இராது.

மின்சாரமும் தீயும்

நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டால் 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் பாதியே போதும். மழையில் நனையும் உலோகக் கூட்டுக்குள் மோட்டார் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. கூட்டுக்கு எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் இந்த விசிறியை ஓட்ட வேண்டாம். வயர் கூட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

வேலை செய்யும் நாளில் மெயின் சுவிட்சை அணைத்தாயிற்று என்று நம்பி மாடிக்கு ஏறுபவர்களுக்கு ஒரு சொல். சென்னை வீடுகள் பலவற்றில் இன்வர்ட்டர் உண்டு. விசிறிகளுக்கான இணைப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கும். மெயின் அணைந்ததும் இன்வர்ட்டர் தன் கடமையைச் செய்யத் தொடங்கிவிடும்! அதையும் அணைத்து, டெஸ்டரால் தொட்டுப் பார்த்த பிறகே வயரில் கை வைக்க வேண்டும். மாடியை ஒட்டி மின்கம்பி போகும் தெருக்களில் நீளமான உலோகக் குழாயையோ அலுமினிய ஏணியையோ நிமிர்த்துவதும் உயிருக்கு ஆபத்தானது.

குழாயின் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே அளவு காற்றுக்கு, குழாயின் உராய்வு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறக்குறைய எதிர் விகிதத்தில் மாறுகிறது. ஆறங்குலக் குழாய்க்குப் பதில் நாலங்குலக் குழாய் போட்டால் உராய்வு ஏழரை மடங்காகும். பணம் மிச்சப்படுத்தப் பிளம்பரிடம் மீதமிருக்கும் பி.வி.சி. குழாயைப் போடுவதும் பரவலாக நடக்கிறது. இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அந்தப் பிளாஸ்டிக் 80 டிகிரி அளவிலேயே இளகும். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் எரிச்சலூட்டும் நச்சு வாயுவைக் கக்கும். வடை பொரிக்கும்போது எழும் எண்ணெய்த் துளிகள் குழாயின் உட்புறம் படிந்து திரியில் ஊறிய எண்ணெய்போல் இருக்கின்றன. வாணலி தீப்பிடித்தால் சுடர் குழாய்க்குள் ஏறும். புகைபோக்கித் தத்துவம் அப்போது தீக்குத் துணை நிற்கும். உலோகக் குழாய், அடுப்புக்கு மேல் 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கவிகை, அதில் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி, இவை மூன்றும் கட்டாயம். பொரியல், வறுவல் மிகுந்த வீட்டில் வடிகட்டியை மாதம் இருமுறை சோப்புநீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

எண்ணெய் தீப்பிடித்துவிட்டால் முதலில் அடுப்பையும் விசிறியையும் அணைத்து, வாணலியின் மேல் தட்டையான மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். தண்ணீர் ஊற்றக்கூடாது. தண்ணீர் எண்ணெயின் அடியில் இறங்கி, கண நேரத்தில் 1,700 மடங்கு கன அளவுள்ள நீராவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசியடிக்கும்.

எல்லாம் பொருத்தியாயிற்று என்றால் ஓர் ஊதுவத்தி போதும், சோதித்துவிடலாம். விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, கவிகையின் விளிம்பருகே ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை வளைந்து உள்ளே போனால் சரி. அடுத்து ஜன்னலை மூடிவிட்டுக் கீசரின் புகைக்குழாய் அருகே பிடித்துப் பாருங்கள். புகை அறைப் பக்கமாகத் தள்ளப்பட்டால் அந்த ஜன்னலுக்கு இனிக் கொண்டியே வேண்டாம். கடைசியில் விசிறியை நிறுத்திவிட்டு மீண்டும் கவிகையடியில் பிடியுங்கள். புகை கீழ்நோக்கி அலைந்தால் மடல் சரியாக மூடவில்லை என்று பொருள். மாடிக்கு ஏறி, அதில் எண்ணெய்ப் பிசுக்கோ புறாவின் இறகோ சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.